ஒரு ஆளும் மூன்று பயணமும்

பயணத்துக்குக் கட்டணம் போட்டு, அதற்கு மேல் கணக்கும் வைக்கிற கேமைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஜில்லாவில் ஒரு நாளாவது பஸ்ஸுக்கு நின்றவனாக இருக்க முடியாது. நின்றிருந்தால் வெட்கம் வந்திருக்கும். நான் நாலு வருடம் குழித்துறையிலிருந்து இன்ஜினியரிங் கல்லூரிக்குப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவன். சலுகை பாஸ் சாதா பஸ்ஸுக்கு மட்டும்தான். பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியில் பாஸைக் காட்டினால், செத்த எலியைக் காட்டியது மாதிரி கண்டக்டர் முகம் போகும். இந்தச் சீரழிவை மறக்கத்தான் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தோம். அங்கேயும் ஒருத்தன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

அது ஒரு ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம். பெயர் வேண்டாம், பெரிய விசேஷமும் இல்லை. பெரிய உலகம், பன்னிரண்டு ஊர், ஒவ்வொரு ஊரின் நடுவிலும் ஒரு நீலக் கல். கல்லைத் தொட்டால் ஊர்களின் பட்டியல் வரும். ஒன்றை அமுக்கினால் பையிலிருந்து காசு குறையும், அடுத்த நொடி அங்கே நிற்கலாம். பஸ்ஸில் ஏறுவதை எங்கள் பக்கம் கேறுவது என்போம். அதனால் கல்லிலும் கேறினோம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒரு தடவையாவது கால்நடையாகப் போன ஊருக்குத்தான் கல் கொண்டுபோய் விடும். ஏற்கனவே நடந்து செத்தவனுக்கு எதற்கு வண்டி? தூரம் கூடினால் காசு கூடும். சண்டையில் இருக்கும்போது கேற முடியாது. ஓட வேண்டியதே அப்போதுதான். இதெல்லாம் போக, ஒரு நாளைக்கு மூன்றே மூன்று பயணம். அவர்கள் சர்வரின் நாள் நமக்குக் காலை ஐந்தரைக்குப் பிறக்கும். ஆகக் கேவலமானது இன்னொன்று. மூன்றில் மீதி எத்தனை என்று கல் சொல்லாது. தீர்ந்த பிறகு தொட்டால்தான், தீர்ந்துவிட்டது என்று சொல்லும். உலகத்தில் டிராகனை எல்லாம் வரைந்து வைத்தவனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று மூலையில் எழுதிக் காட்டக் கை வரவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான், குளச்சலிலிருந்து ஒருத்தன், பேச்சிப்பாறையிலிருந்து ஒருத்தன். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஆனால் கேமில் எங்களுக்கு ஒரே ஒரு ஆள்தான். தனித்தனியாக ஆரம்பித்தால் மூன்று சோப்ளாங்கிகள் மிஞ்சுவார்கள், மூன்று பேரும் ஒருவனையே வளர்த்தால் ஆள் மாதிரி ஒரு ஆள் வருவான் என்பது எங்கள் கணக்கு. ஒரே பாஸ்வேர்டு, மூன்று ஷிப்டு. காலையில் பேச்சிப்பாறைக்காரன், குலசேகரத்தில் பஸ் மாறும் இடத்தில் இருந்த சென்டரில். மதியம் நான், குழித்துறையில். மாலையில் அவனவன் ஊர் போய்ச் சேர்ந்ததும் குளச்சல்காரன். வாளும் கேடயமுமாக நின்ற அவனுக்கு வைத்திருந்த பெயரை எழுதமாட்டேன், எங்கள் ரசனை வெளியே தெரிந்துவிடும். எங்களுக்குள் 'ஆள்' என்றுதான் சொல்வோம். 'ஆள் எங்க நிக்கியான்?' என்பதுதான் நாங்கள் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி. செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றுகூட அதைத்தான் கேட்டோம்.

எங்கள் ஆளுக்கு நாளைக்கு மூன்று பயணம், எங்களில் தலைக்கு ஒன்று. இப்படிப் பங்கு வைத்தது நான்தான். அப்போது எனக்கு அது பெரிய நியாயமாகத் தெரிந்தது.

பட்டியலில் பன்னிரண்டு ஊரும் இருந்ததற்குக் காரணம் குளச்சல்காரன். தொடக்கத்தில் காசில்லாத காலத்தில் அத்தனை ஊருக்கும் ஆளை நடத்தியே கொண்டுபோனவன் அவன். எந்த மேட்டில் ஓநாய் நிற்கும், எந்த வேலியில் சந்து இருக்கும் என்று எல்லாம் தெரியும். நானும் பேச்சிப்பாறைக்காரனும் கேறிப் போனதெல்லாம் அவன் நடந்த ஊர்களுக்குத்தான். அதற்காக நன்றி சொன்னேனா? கேலிதான் செய்தேன். நடக்கிறதுக்குக் கேம் எதற்கு, கடற்கரையில் நடந்தால் போதாதா என்பேன். அவன் சிரித்துவிட்டு நடப்பான்.

கடைசி செமஸ்டர் முடிந்த மே மாதம் சென்னைக்காரர்களின் கூட்டம் ஒன்று எங்கள் ஆளைச் சேர்த்துக்கொண்டது. வடக்கே பனிமலையில் அவர்களுக்கு ஒரு கோட்டை. ஞாயிறுதோறும் மூன்று மணிக்குக் கோட்டைச் சண்டை, மூன்று பத்துக்கு வாசல் அடைத்துவிடுவார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவன் வெளியே. கூட்டத் தலைவன் யாரென்று தெரியாது, முகம் பார்த்ததில்லை. ஆனால் பேச்சு கலெக்டர் மாதிரி இருக்கும். சேர்ந்த அன்றே குளச்சல்காரன் தெற்குக் கரையிலிருந்து அந்தக் கோட்டைக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆளை நடத்திக்கொண்டுபோய்ப் பட்டியலில் ஏற்றினான்.

முதல் ஞாயிறு பேச்சிப்பாறைக்காரன் மூன்று பயணத்தையும் காலையிலேயே தின்றிருந்தான். இரண்டாம் ஞாயிறு என் முறை, நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாயசத்தில் மயங்கிக் கிடந்தேன். மூன்று பேரும் சேர்ந்தே ஆடலாம் என்று குளச்சல்காரன் எங்களை நம்பிக் குழித்துறை சென்டரில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனான். மூன்றாம் ஞாயிறுதான் விஷயம். அதற்கு அடுத்த புதன்கிழமை அவனுக்குக் கத்தாருக்கு பிளைட். விசா கையில் இருந்தது. சனிக்கிழமை போனில் கூப்பிட்டு, மறுநாள் இரண்டு மணிக்கு மூன்று பேரும் குழித்துறை சென்டரில் கூடுவது என்று முடிவு செய்துவிட்டு, ஒன்றே ஒன்று சொன்னான்.

"மக்கா, ஒரு தடவ கோட்டைக்க உள்ள நின்னு சண்ட பாத்தா போரும். பொறவு ஆள நீங்க என்னவும் செய்யுங்க."

மூன்று வருடத்தில் அவன் எங்களிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நேரப்படி சொல்கிறேன். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழரைக்குப் பேச்சிப்பாறைக்காரன் குலசேகரத்தில் உட்கார்ந்தான். ஆள் சதுப்புநிலத்தில் நின்றிருந்தான், கேடயம் விரிசல். முதல் ஞாயிறு செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் தன் பங்குப் பயணத்தில் ஆளைக் கொல்லர் பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் கேடயத்தைச் சரி செய்தான். யாரிடமும் சொல்லவில்லை. அவன் செல்போனில் இருந்த பாலன்ஸுக்கு மிஸ்டு கால்கூட அதிகம்.

குளச்சலில் ஞாயிறு கடலில் வள்ளம் இறங்காது. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் குளச்சல்காரன் வெள்ளைச் சட்டையோடு அப்படியே பக்கத்துச் சென்டரில் புகுந்தான். கேடயம் பளபளப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, தன் பங்குப் பயணத்தில் ஆளைக் கோட்டைக்கு உள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினான். இரண்டு பயணம் போயிற்று, மூன்றாவதுக்குத் தேவையே இல்லை. எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தான். எங்களுக்குள் மிஸ்டு கால் என்றால் 'பஸ்ஸில் கேறிவிட்டேன்' என்று அர்த்தம். அவன் அன்று நினைத்த அர்த்தம் 'ஆள் ரெடி, தொடாதே'. இதை மிஸ்டு காலில் நான் எப்படிப் படிப்பேன்? ஆனால் இது சாக்கு. அடுத்ததைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

ஒரு மணிக்குச் சோறு தின்றுவிட்டு நான் குழித்துறை சென்டரில் உட்கார்ந்தேன். ஆள் கோட்டைக்குள் நிற்கிறான். நேற்றே கொண்டுவந்து விட்டுவிட்டான்கள் போல, இன்றைய மூன்றும் அப்படியே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் சும்மா எதற்கு இருக்க வேண்டும்? தெற்குக் கரை ஊரில் ஒரு வியாபாரி சிவப்பு இறகு வைத்த தொப்பி விற்றுக்கொண்டிருந்தான். அந்தத் தொப்பி அடியையும் தடுக்காது, வெயிலையும் தடுக்காது. ஆனால் சென்னைக்காரன்கள் முன்னால் வெறும் தலையோடு போய் நிற்க எனக்கு மனம் இல்லை. என் பங்கு ஒன்று, அதில் நான் என்ன செய்தாலும் யார் கேட்பது? திரும்பி வர அவர்கள் பங்கில் ஒன்று இருக்கவே இருக்கிறது. கல்லைத் தொட்டேன்.

ஒரு மாதம் மூன்று பேரும் சேர்த்த காசில் தொப்பியை வாங்கினேன். போட்டுப் பார்த்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அங்கிருந்த சத்திரத்தில் ஆளைப் படுக்க வைத்தேன். ஒரு காரணமும் இல்லை, படுத்தால் குறட்டை விடுவான், அதைப் பார்க்க. பிறகு எழுப்பி, கல்லைத் தொட்டேன்.

இன்றைய பயணங்கள் முடிந்தன என்று எழுத்து வந்தது.

மறுபடி தொட்டேன். மவுஸை மேஜையில் தட்டிவிட்டுத் தொட்டேன். சென்டர் நடத்துகிற அண்ணன் தலையைத் தூக்கி, மவுஸ் உன் மாமனார் வாங்கித் தந்ததா என்று கேட்டார். மணி ஒன்றே கால். அப்போதும் நடந்தால் நேரம் இருந்தது, தெரியுமா? தாராளமாக இருந்தது. நடக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் ஆடின கேமில் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வடக்கே பார்த்து நடந்தேன். ஒரு பாலம் வந்தது. பாலத்தில் இரண்டு பூதங்கள். இரண்டே அடி. செத்தால் ஆள் கடைசியாகப் படுத்த இடத்தில் எழுந்திருப்பான். மறுபடி தெற்குக் கரை. மறுபடி பாலம், மறுபடி சத்திரம். தலையில் சிவப்பு இறகு மட்டும் கம்பீரமாக ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு அவர்கள் இருவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, காலையில் செய்ததை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நான் கதையைச் சொன்னேன். கொஞ்சம் எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன். பேச்சிப்பாறைக்காரன் நான் முடிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை.

"ஏலே சவமே, மொத பஸ்ஸுக்கு எழும்பி வந்து நான் கேடயம் அடிச்சு வெச்சது உனக்க தொப்பிக்கா?"

குளச்சல்காரன் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தொப்பியைப் பார்த்தான்.

"தொப்பி கொள்ளாம்" என்றான். நன்றாக இருக்கிறதாம். "ஆள கடசியா எங்க படுக்க வெச்ச?"

"இஞ்சதான். சத்திரத்துல."

"எதுக்கு?"

"சும்மா."

"நான் கோட்டைக்க உள்ள படுக்க வெச்சிருந்தேன்" என்றான். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. கோட்டைக்குள் ஒரு படுக்கை இருந்தது. காலையில் ஆளை அதில் படுக்க வைத்துவிட்டுத்தான் அவன் பூசைச் சட்டையோடு பஸ் ஏறியிருக்கிறான். நான் சத்திரத்தில் படுக்க வைக்காமல் இருந்திருந்தால், பாலத்துப் பூதத்திடம் ஒரு அடி வாங்கினால் போதும், ஆள் செத்து நேராகக் கோட்டைக்குள் எழுந்திருப்பான். காசில்லை, கணக்கில்லை, கல் வேண்டாம். அந்த உலகத்திலேயே இலவச வண்டி சாவு ஒன்றுதான். அதையும் குறட்டை கேட்பதற்காகக் கெடுத்து வைத்திருந்தேன்.

மணி இரண்டு ஐந்து. ஒரு மணி பத்து நிமிட நடை, வாசல் அடைக்க ஒரு மணி ஐந்து நிமிடம். குளச்சல்காரன் மவுஸை வாங்கி ஆளை நடத்தத் தொடங்கினான். பேச்சிப்பாறைக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து ஓநாய் வருகிறதா என்று பார்த்துச் சொன்னான். எனக்கு அங்கே வேலை இல்லை. சாயா வாங்கி வா என்று அனுப்பினார்கள். போனேன். வந்தபோது ஆள் பாலத்துக்கு வந்திருந்தான்.

"பாலத்துல கேறப்பிடாது" என்றான் குளச்சல்காரன், என்னைப் பார்க்காமலே. "எடது பக்கம் எறங்கி தண்ணிக்க உள்ளோட போணும். பூதம் கீழ பாக்காது."

தண்ணீர் கழுத்துவரை வந்தது. மேலே பூதங்கள் ஒன்றுக்கொன்று உறுமிக்கொண்டிருக்க, கீழே ஒரு சிவப்பு இறகு மட்டும் மிதந்து போனது. பிறகு வயல், காடு, மலைச்சரிவு. வேலிச் சந்துகளில் புகுந்தான், வளைவுகளை வெட்டினான். அவன் ஆளை நடத்துவதை நான் முதல்முறையாக முழுதாகப் பார்க்கிறேன். ஒரு இடத்தில்கூட வாளை எடுக்கவில்லை. மூன்று வருடம் நான் கேலி செய்த வேலை அது. கையில் சாயா ஆறிக்கொண்டிருந்தது, குடிக்கத் தோன்றவில்லை.

பனி வந்தது. பனியில் வேகம் பாதி. கேம் எழுதினவன் வாழ்க. மூன்று எட்டுக்குக் கோட்டை கண்ணில் பட்டது. மூன்று பத்துக்குக் கடைசி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். மூன்று பதினொன்றுக்கு வாசல் முன்னால் நின்றோம். வாசல் அடைத்திருந்தது.

குளச்சல்காரன் கூட்டத் தலைவனுக்கு எழுதினான், வாசலில்தான் நிற்கிறோம், திறக்க முடியுமா என்று. ரூல் ரூல்தான் நண்பா என்று பதில் வந்தது. அடுத்த வரியில் ஆள் கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டான். முகம் தெரியாத ஒருத்தன், இல்லாத ஒரு கோட்டையின் கதவை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குக் காட்டின அதிகாரம் அது. தாலுகா ஆபீஸில் இருக்க வேண்டியவன்.

பேச்சிப்பாறைக்காரன் எழுந்து வெளியே போய்விட்டான். குளச்சல்காரன் ஆளை நடத்த ஆரம்பித்தான். கோட்டை மதிலை ஒட்டி, வெளியே, மெதுவாக ஒரு முழுச் சுற்று. மதிலுக்கு மேலே தீக்குண்டுகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே யாரோ விழுகிற சத்தம், யாரோ கத்துகிற சத்தம். ஒரு இடத்தில் மதில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அங்கே நின்று சண்டை முடியும்வரை பார்த்தான். தெரிந்தது பாதி, மீதி புகை.

"நல்ல ரகளதான் கேட்டியா" என்றான். பிறகு ஆளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். "இஞ்சயே நிக்கட்டு. எடுக்காண்டாம்."

புதன்கிழமை அவனை வழியனுப்ப வேனில் நானும் போனேன். நாலு மணி நேரத்தில் தோகா. அந்த ஒரு கல்லைத் தொட அவன் பாஸ்போர்ட், மெடிக்கல், ஏஜென்ட் என்று எட்டு மாதம் அலைந்திருந்தான். லீவு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. எங்கள் ஆளுக்கு நாளைக்கு மூன்று பயணம். அவனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒன்று. அதைக் கணக்கு வைக்கிறவனும் மீதியைக் காட்டமாட்டான்.

எடுக்காண்டாம் என்றான் அல்லவா? வியாழக்கிழமையே எடுத்தேன். நான் அப்படித்தான்.

அடுத்த வருடம் கேம்காரன்கள் எல்லாக் கட்டுப்பாட்டையும் தூக்கினார்கள். காசில்லை, எண்ணிக்கை இல்லை, நடந்திருக்கவும் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம். நாங்கள் மூன்று வருடம் வாய் கிழியக் கேட்டது. ஒரு மதியம் பன்னிரண்டு ஊருக்கும் பத்து நிமிடத்தில் போய் வந்தேன். பதினோராவது நிமிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லா ஊரிலும் ஜனம் கல்லைச் சுற்றித் தேனீ மாதிரி மொய்த்துக்கொண்டு நின்றது. ரோட்டில் ஒரு நாய் இல்லை. டிக்கெட் போட்டும் கெடுத்தான்கள், எடுத்தும் கெடுத்தான்கள். இந்தத் திறமைக்குச் சம்பளம் வேறு வாங்குகிறான்கள்.

அந்தச் சமயத்தில்தான் தோகாவிலிருந்து போனில் ஒரு மெசேஜ். சுகமா என்றுகூட இல்லை.

ஆள் எங்க நிக்கியான்?

ஆள் தெற்குக் கரையில் தொப்பியோடு நின்றிருந்தான். நீ விட்ட இடத்துலதான் மக்கா என்று எழுதினேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மதில் தாழ்ந்து கிடக்குமே அந்த இடம் என்று பதில் வந்தது. லீவு தள்ளிப்போயிருக்கிறது, தொழிலாளர் கேம்பில் கூட இருக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றான்.

அதற்கென்ன, ஒரு நொடி வேலை என்று கல்லைத் தொட்டேன். கோட்டையின் கல் கோட்டைக்கு உள்ளே இருக்கிறது. கூட்டத்திலிருந்து நீக்கப்பட்டவன் பட்டியலில் அந்தக் கோட்டையின் பெயரே இல்லை. மற்ற எந்தக் கல்லும் மதிலுக்கு வெளியே அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடாது. உலகம் முழுக்க இலவசம், எனக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு மூலையைத் தவிர.

நடந்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கினேன், பூதம் பார்த்துவிட்டது. சத்திரம். மறுபடி போனேன், சத்திரம். நாலாவது முறை சத்திரத்தில் கண் விழித்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது. பொய் சொல்லியாயிற்று, போட்டோவும் இல்லை. வேறு வழியில்லாமல் அவனுக்கே எழுதினேன், பாலத்துல எந்தப் பக்கம் எறங்கணும் என்று.

பதில் மறுநாள்தான் வந்தது, ஷிப்டு முடிந்த பிறகு.

"நீ மறுநாளே எடுப்பேன்னு எனக்கு அப்பமே தெரியும் லே. எடது பக்கம். வடக்க பாத்து நின்னா எடது. அந்தத் தொப்பிய கழத்தீட்டு எறங்கு, அதத்தான் பூதம் பாக்குது."

சும்மா சொல்கிறான். அன்றைக்கு அவன் அதே தொப்பியோடுதான் ஆளை அக்கரை சேர்த்தான். கழற்றாமலே இடது பக்கம் இறங்கினேன். தண்ணீர் கழுத்துவரை வந்தது. மேலே உறுமல் கேட்டது. நான் நிற்கவில்லை.